மகேன் கைத் தண்ணீர்

சமையற்கட்டில் ஸ்பேனர் ஒன்று சிமெண்டுத் தரையில் விழுந்து ணங்கென்று ஒலித்தது.

முன் அறையில் பேசிக்கொண்டிருந்த இராசம்மா வாயை மூடினாள். மடியிலிருந்த கல்யாணப் பத்திரிகையை இறுக்கிப் பிடித்தபடி, உட்பக்கம் தொங்கிய பூப்போட்ட திரையைக் கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"யாரு தனம் உள்ள?"

"குழாய் அடைச்சிக்கிச்சு அண்ணி. மலைத் தண்ணியில இலையும் மண்ணும் வந்து நிக்குது. ரிப்பேர் நடக்குது. உங்களுக்கு ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்க முடியல. நீங்க சொல்ல வந்ததைச் சொல்லுங்க."

தனலெட்சுமி பொய் சொல்லவில்லை. ரிப்பேர் செய்வது யார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டாள். 'கொன்னவன்' என்ற சொல் இராசம்மாவின் வாயிலிருந்து விழுந்த அதே நொடியில்தான் உள்ளே ஸ்பேனரும் விழுந்தது. அந்தச் சொல் யாரைப் போய்த் தைத்தது என்று தனலெட்சுமிக்குத் தெரியும்.

"கேக்குறேன்னு கோவிச்சிக்காத." இராசம்மா விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். "நாலு பேர் முன்னால கேக்க வேணாம், தனியா கேப்போம்னுதான் ரிங்லெட்டுலேருந்து பஸ் புடிச்சு வந்திருக்கேன். என் தம்பியைக் கொன்னவன் கையாலயா என் தம்பி மகளைத் தாரை வாக்கப் போற? ஊரே சிரிக்குது லா."

"யாரு சிரிக்கிறா?"

"எல்லாரும்தான்."

"பேரைச் சொல்லுங்க அண்ணி. பத்திரிகை வைக்காம விட்டுர்றேன். சாப்பாடாவது மிச்சமாகும்."

இராசம்மாவுக்கு முகம் சுருங்கியது. இவள் இப்படிப் பேசுபவள் அல்லவே என்று நினைத்திருப்பாள். உண்மைதான். தனலெட்சுமியை அந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாரும் வாய்க்காரி என்று சொன்னதில்லை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கிற இந்த லயத்தில் பிறந்து, இதே லயத்தில் நான்கு கதவு தள்ளி வாழ்க்கைப்பட்டு வந்தவள். கத்தரி பிடித்துக் கொழுந்து வெட்டிய காலத்திலும் சரி, மெஷின் வந்த பிறகும் சரி, மலைச்சரிவில் காலை ஊன்றி நிற்கத் தெரிந்த அளவுக்கு வார்த்தையை ஊன்றிப் பேசத் தெரியாதவள். கங்காணி திட்டினால் கேட்டுக்கொள்வாள். நாத்தனார் திட்டினாலும் கேட்டுக்கொள்வாள். அப்படிக் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்ததெல்லாம் அன்று வார்த்தையாக வெளியே வந்தது.

விஷயம் இதுதான். மகள் தாரணிக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கல்யாணம். மாப்பிள்ளை ஷர்வின், கம்போங் ராஜாவில் காய்கறி லோரி ஓட்டுகிற குடும்பம், நல்ல பையன். தாரை வார்க்கும்போது பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைக்க அப்பா வேண்டும். அந்தக் கைகளின்மேல் செம்புத் தண்ணீரை ஊற்ற அம்மா வேண்டும். அப்பா இல்லாத வீட்டில், தாலி இழந்தவள் மணவறையில் நிற்கக்கூடாது என்பது அந்த மண்டபத்து வழக்கம். அந்த வழக்கத்தோடு சண்டைக்குப் போக தனலெட்சுமிக்குத் தெம்பில்லை. தன் இடத்தில் எந்தத் தம்பதி நிற்பது என்பதிலாவது தன் சொல் நடக்கட்டும் என்று நினைத்தாள். மகேனையும் அவன் மனைவி புவனேஸையும் கேட்டாள்.

மகேன் உடனே சரியென்று சொல்லவில்லை. "குழாய் ரிப்பேருக்கு வர்றப்போ பதில் சொல்றேன்க்கா," என்று தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பதிலைச் சொல்லத்தான் இன்று வந்திருந்தான். அவன் கழுவுதொட்டிக்கு அடியில் படுத்து ஸ்பேனரைப் பிடித்த கொஞ்ச நேரத்தில் இராசம்மா வாசலில் செருப்பைக் கழற்றினாள். விதி இப்படித்தான் வாசல் பார்த்து வரும்.

தாரணியிடம் முன்பே கேட்டாகிவிட்டது. தானாராத்தாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிற பெண். அம்மா கேட்டதும் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு ஆட்சேபணை இல்லம்மா. மாமா சரின்னு சொல்லுவாரான்னுதான் பயமா இருக்கு."

அவள் பயந்ததில் அர்த்தம் இருந்தது. அதைச் சொல்ல, பன்னிரண்டு வருஷம் பின்னால் போக வேண்டும்.

அப்போது மகேன் தோட்டத்தில் புல்லைக் கொல்லும் மருந்தடிக்கிறவன். தனலெட்சுமியின் கணவன் அய்யாசாமிக்கு நண்பன், தம்பிபோல. லயத்துக்குப் பின்னால் எல்லா வீட்டுக்கும் ஒரு துண்டு நிலம் உண்டு. சாவிக் கீரையும் பீன்ஸும் போடுவார்கள். அதில் மண்டுகிற புல்லுக்கு அடிக்க, வேலையில் மிஞ்சிய மருந்தைக் கொஞ்சம் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வருவார்கள். எந்தப் பாட்டில்? சார்சி என்று கடையில் விற்கிற கறுப்பு சோடா பாட்டில். அதுதான் எல்லார் வீட்டிலும் கிடந்தது. மகேன் ஒரு நாள் அப்படிக் கொண்டுவந்த பாட்டிலைத் துணி துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டு, அழுத பிள்ளையைத் தூக்க உள்ளே போனான். வேலை முடிந்து தாகத்தோடு வந்த அய்யாசாமி, தம்பி வீட்டு சோடாதானே என்று உரிமையோடு எடுத்து வாயில் ஊற்றினான். துப்பினான். துப்புவதற்கு முன் ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது.

அந்த மருந்து அவசரப்படாது. ஈப்போ ஆஸ்பத்திரியில் அய்யாசாமி பேசிக்கொண்டே இருந்தான், வாயெல்லாம் வெந்து, மூச்சு நாளுக்கு நாள் குறுகி. பிறகு பேச்சும் நின்றது.

போலீஸ் விசாரித்தது, எழுதிக்கொண்டது, விட்டுவிட்டது. லயம் விடவில்லை. அன்றிலிருந்து மகேன் வீட்டில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. தீபாவளிக்குப் புவனேஸ் முறுக்குத் தட்டு கொடுத்தனுப்பினால் தட்டு திரும்பி வரும், முறுக்கு கோழிக்குப் போகும். கோயில் திருவிழாவில் மோர் ஊற்றுகிற இடத்துக்கு அவன் வந்தால் கரண்டியை வேறொருவர் வாங்கிக்கொள்வார். கடைசியில் அவனே அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டான். வீட்டுக்கு வருகிறவர்களிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதையே விட்டுவிட்டான். வந்தவர்களைத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்காத தமிழ்க் குடும்பத்தை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா? அந்த லயத்தின் கடைசி வீட்டில் பார்க்கலாம்.

"நாங்க எதுக்கு இருக்கோம்?" இராசம்மா குரலைத் தேன்போல் ஆக்கினாள். "அத்தைங்கிற உறவு பெருசா, பக்கத்து வீட்டுக்காரன் பெருசா? நானும் எங்க வீட்டுக்காரரும் நிக்கிறோம். பட்டு சேலைகூட எடுத்து வச்சிட்டேன்."

"எப்ப எடுத்தீங்க?"

"போன வாரம்."

"போன வாரம் சேலை எடுக்கத் தெரிஞ்சுது. இந்தப் பன்னெண்டு வருஷத்துல ஒரு நாளாவது இந்தப் பிள்ளைய ஸ்கூல் பஸ்ஸுல ஏத்திவிடத் தெரிஞ்சுதா அண்ணி?"

"என்னடி இது, கணக்குப் பாக்குற?"

"நான் பாக்கல. கணக்குப் பாக்க நீங்கதான் வந்திருக்கீங்க. மழையில, பனியில தோட்டத்துக் கேட்டு வரைக்கும் மோட்டார் சைக்கிள்ல கொண்டுபோய் விட்டது யாரு? இந்த வீட்டுக் கூரைத் தகரத்தை மாத்துனது யாரு? பதிலுக்கு ஒரு தேத்தண்ணி குடுத்தா குடிக்க மாட்டான். வாசப்படியிலேயே நிப்பான்."

"செஞ்ச பாவத்துக்குச் செய்யறான்."

"செய்யட்டும். நீங்க எந்தப் பாவமும் செய்யல போல. அதான் ஒண்ணுமே செய்யல."

இராசம்மா எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். திரைக்குப் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. குழாயை முடுக்குகிற சத்தம்கூட இல்லை. அந்த மௌனம்தான் தனலெட்சுமியை அறுத்தது. அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். பதில் சொல்ல வந்தவன், இன்னும் ஒரு முறை தீர்ப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அவளுக்கு அந்தக் காலை நினைவுக்கு வந்தது. கருமாதி முடிந்து முதல் முறையாக வேலைக்குப் போன காலை. மகேனை மருந்து வேலையிலிருந்து எடுத்துக் கொழுந்து மெஷினுக்கு மாற்றியிருந்தார்கள். அந்த மெஷினை ஒருவர் பிடிக்க முடியாது. தேயிலை வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்து, ஒரே நடையாக நடக்க வேண்டும். சரிவில் ஒருவர் கால் தவறினால் கத்தி மற்றவர் பக்கம் பாயும். மகேன் தன் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மறுபக்கத்துக்கு யாரும் வரவில்லை. கங்காணி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒருவனுக்கு இடுப்பு வலி, ஒருவனுக்குக் கையில் காயம், ஒருவன் காது கேளாதவன்போல் மலையைப் பார்த்தான். மெஷின் மறுபக்கம் சாய்ந்து தரையைத் தொட்டது.

தனலெட்சுமி தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய் மறுபக்கத்தைத் தூக்கினாள்.

பொம்பளைக்குக் கனம் தாங்காது என்றார்கள். தாங்கினாள். மாதக்கணக்கில் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவன் காலெடுத்து வைக்கும்போது அவளும் வைத்தாள். ஒரு முறை மழைச்சேற்றில் அவள் சறுக்கியபோது, அவன் தன் பக்கம் முழுக் கனத்தையும் இழுத்து, முழங்கால் மண்ணில் தேய மெஷினை நிறுத்தினான். அன்றைக்குத்தான் அவள் அவனிடம் பேசினாள். "ரத்தம் வருது, கட்டிக்க," என்றாள். அவ்வளவுதான். மன்னிப்பு என்று ஊரில் பெரிதாகப் பேசுகிறார்களே, அவள் வீட்டில் அது அவ்வளவு சிறியதாகத்தான் வந்தது.

"சரி தனம், நீ இவ்வளவு பேசறதால நானும் சொல்லிட்றேன்." இராசம்மா கடைசிக் கத்தியை எடுத்தாள். "ஆஸ்பத்திரியில என் தம்பி என்ன சொன்னான், ஞாபகம் இருக்கா? அந்த நாயை விடாதீங்க, அவன் வெளங்க மாட்டான்னு என் கையைப் புடிச்சுக்கிட்டு சொன்னான். சாகப் போறவன் சொன்ன வார்த்தை. அதுக்கு என்ன மரியாதை குடுக்கப் போற?"

திரை லேசாக அசைந்தது.

தனலெட்சுமிக்குக் கண் கலங்கியது. ஆனால் குரல் கலங்கவில்லை.

"சொன்னாரு. எனக்கு முன்னாலயும் சொன்னாரு. தண்ணி குடுக்க நேரமாச்சுன்னு என்னையும் திட்டுனாரு. ஊசி போட வந்த மிஸ்ஸியைத் திட்டுனாரு. முருகனைத் திட்டுனாரு. அதெல்லாம் நீங்க ஏன் ஞாபகம் வச்சிக்கல? வாய் வெந்து போனவன் வலியில கத்துனதை எடுத்து வச்சிக்கிட்டு ஒரு குடும்பத்தைப் பன்னெண்டு வருஷம் தள்ளி வைப்பீங்களா? என் புருஷன் அவ்வளவு கெட்டவர் இல்ல அண்ணி. இன்னும் ஒரு மாசம் உசுரோட இருந்திருந்தா அவரே போய் அவன் தோள்ல கை போட்டிருப்பாரு. அவரை நீங்க கெட்டவரா ஆக்காதீங்க."

"என்ன இருந்தாலும் பாட்டில் அவன் வச்சது."

"ஆமா. அவன் வச்சது." தனலெட்சுமி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். உங்க வீட்டுப் பாட்டில் எங்க போச்சு?"

"எந்தப் பாட்டில்?"

"அப்ப நீங்களும் இதே லயத்துலதான் இருந்தீங்க. உங்க வீட்டு அண்ணனும்தான் மருந்து கொண்டுவந்தாரு. மறுநாள் போலீஸ் வீடு வீடா பாக்கும்னு பேச்சு வந்துச்சா இல்லையா? அன்னிக்கு சாயங்காலம் ஒவ்வொரு வீட்டுலயும் பாட்டிலைக் கொண்டுபோய்க் கால்வாய்ல ஊத்துனாங்க. நான் அவருக்கு மாத்துத் துணி எடுக்க அடுத்த நாள் காலையில ஆஸ்பத்திரியிலேருந்து வந்தேன். பாலத்துல நின்னு பாத்தேன். ஓடையில மீன் அத்தனையும் வயித்தைக் காட்டிக்கிட்டு மெதந்துச்சு. லயத்து வேலி முழுக்க, கழுவுன சோடாப் பாட்டில் கவுத்துக் காய வச்சிருந்துச்சு. உங்க வேலியிலயும் இருந்துச்சு அண்ணி. பச்சை மூடியைத் தனியா வச்சிருந்தீங்க."

இராசம்மாவின் கை பத்திரிகையைத் திருப்பித் திருப்பி மடித்தது.

"பூட்டிக் கெடந்த எங்க வீட்டை விட்டா, ஊருல ஒரே ஒரு வேலியிலதான் பாட்டில் இல்ல. மகேன் வீட்டு வேலியில. அவன் மட்டும்தான் ஒளிக்கல. இது என்னோடதுதான்னு போலீஸ்கிட்ட கையில குடுத்தான். ஒளிச்சவங்க எல்லாம் நல்லவங்க. ஒத்துக்கிட்டவன் கொலைகாரன். நல்லா இருக்கு லா உங்க நியாயம்."

"உன் வீட்டுல மட்டும் இல்லையாக்கும்?"

"இருந்துச்சு." அவள் திரையைக் கைகாட்டினாள். "அந்தத் தொட்டிக்கு அடியில, சமையல் எண்ணெய்க்குப் பக்கத்துல. அவர்தான் கொண்டாந்து வச்சிருந்தாரு. தாரணி அப்ப சின்னப்பிள்ள. கை எட்டுற எடம். அந்தப் பாட்டிலைப் பாத்துட்டு இங்கயே உக்காந்துட்டேன் அண்ணி. அன்னிக்கு மகேன் பிள்ள எங்க வீட்டுக்குத் தாகத்தோட வந்திருந்தா, இன்னிக்கு யார் வீட்டுல யாரும் தண்ணி குடிக்க மாட்டாங்க? சொல்லுங்க."

இராசம்மா கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

திரை விலகியது.

மகேன் நின்றான். முழங்கை வரை சேறும் ஈரமும். தலை நரைத்துப் போன, ஒடிசலான மனிதன். இராசம்மா அவனைப் பார்த்ததும் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள், தொட்டால் ஒட்டிக்கொள்வதைப்போல.

"குழாய் ஓடுதுக்கா," என்றான் அவன் தரையைப் பார்த்து. "பெரியக்கா சொல்றது சரிதான். அவங்களே நிக்கட்டும். நான் நிக்கல. இதைச் சொல்லத்தான் வந்தேன்."

இதுதான் பதில். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகும் இதுதான் பதில். தனலெட்சுமியின் கோபம் அப்படியே முகம் திரும்பியது.

"நில்லு மகேன். ஊருதான் உன்னைத் தள்ளி வச்சிருக்குன்னு நெனச்சேன். நீயும் அவங்களோட சேந்துட்டியா?"

"அப்படியில்லக்கா..."

"வேற எப்படி? போனது என் புருஷன். அறுந்தது என் தாலி. உன்னை மன்னிக்க ஒருத்திக்கு உரிமை இருக்குன்னா அது எனக்குத்தான் இருக்கு. நான் விட்டுட்டேன். அந்த மெஷினைப் புடிச்ச அன்னிக்கே விட்டுட்டேன். நான் கீழ போட்டதை நீ ஏன் தெனம் பொறுக்கி மடியில கட்டிக்கிற? நான் குடுத்ததுக்கு மதிப்பு இல்லையா? இவங்க சொன்னதுக்குத்தான் மதிப்பா?"

மகேன் சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்தான்.

"குழாய்ல தண்ணி தெளிஞ்சு வருதா?"

"வருது."

"ஒரு டம்ளர் புடிச்சுக் கொண்டா. அண்ணி பஸ்ஸுல வந்த களைப்போட உக்காந்திருக்காங்க."

மகேன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது, வேண்டாம் என்ற மன்றாட்டு இருந்தது. அவள் முகத்தைத் திருப்பவில்லை. அவன் உள்ளே போனான். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு டம்ளரில் தண்ணீர் நிறைகிற சத்தம்.

இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். தண்ணீர் விளிம்பில் தளும்பித் தரையில் சிந்தியது. இராசம்மாவின் முன்னால் நீட்டினான். அவன் வாயிலிருந்து, துருப்பிடித்த கதவு திறப்பதைப்போல, அந்தக் கேள்வி வந்தது.

"தண்ணி குடிக்கிறீங்களாக்கா?"

இராசம்மாவின் கைகள் கைப்பையைவிட்டு நகரவில்லை. டம்ளரைப் பார்த்தாள். அவன் விரல்களைப் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த தம்பியின் படத்தைப் பார்த்தாள். அவன் நீட்டிய கையை மடக்கவில்லை.

தனலெட்சுமி எழுந்தாள். அவன் கையிலிருந்து டம்ளரை வாங்கினாள். அண்ணாந்து ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். கண்ணீர் காதோரம் வழிந்ததை அவள் துடைக்கவில்லை.

"இன்னொண்ணு புடி. தாகம் அடங்கல," என்றாள்.

மகேன் வெற்று டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். குழாய் மறுபடி ஓடியது. ஓடுகிற தண்ணீரோடு, அவன் அழுவதும் கேட்டது. ஆண்பிள்ளை அடக்கி அடக்கி அழுகிற அழுகை. இராசம்மா விருட்டென்று எழுந்து பையைத் தோளில் மாட்டினாள்.

"நாங்க வர்றது சந்தேகம்தான்," என்றாள் கதவருகில்.

"உங்க இஷ்டம் அண்ணி. வந்தா உக்கார நாற்காலி இருக்கும். மணவறை பக்கம் மட்டும் வர வேணாம். அங்க ஆள் இருக்கு."

"இருக்கா? அவன்தான் மாட்டேன்னுட்டானே."

அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. அடைத்த மூக்கோடு, தயங்கித் தயங்கி வந்தது.

"அக்கா... ஞாயித்துக்கெழமை நான் பட்டு வேட்டிதான் கட்டணுமா? சாதா வேட்டி போதுமா?"

தனலெட்சுமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பட்டு," என்றாள். "புவனேஸையும் பட்டு கட்டச் சொல்லு."

இராசம்மா செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். வெளியே மூடுபனி தேயிலைச் சரிவிலிருந்து ஏறி லயத்து வேலி வரை வந்திருந்தது. நாலடி போனவள் நின்றாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"முகூர்த்தம் எத்தனை மணிக்கு?"

"கையில பத்திரிகை வச்சிருக்கீங்க அண்ணி. மடிக்காம பிரிச்சுப் பாருங்க."

பத்திரிகை பிரிகிற சரசரப்புக் கேட்டது. பிறகு பனிக்குள் செருப்புச் சத்தம் தேய்ந்தது. தனலெட்சுமி கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.